கீரியின் கடையும் கௌதாரியின் கால்தடமும்

பங்குனி வெயிலில் சருகாய்க் காய்ந்து கிடந்த ஒரு காட்டில், ஆற்றுக்கும் கோயில் மேட்டுக்கும் நடுவே ஒரு புல்வெளி இருந்தது. அந்தப் புல்லுக்குள் ஒரு கௌதாரி ஏழு முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. கௌதாரிக்கு மரத்தில் கூடு கட்டத் தெரியாது, குழந்தைகளே. தரைதான் அதற்கு வீடு, புல்தான் கூரை.

அந்தக் காட்டில் வருஷத்துக்கு ஒரு முறை திருவிழா வரும். திருவிழா என்றால் பட்டாசு இல்லாமலா? போன வருஷம் யாரோ விட்ட ராக்கெட் ஒரு மூங்கில் புதரில் விழுந்தது. புதர் இருந்த இடத்தில் சாம்பல்தான் மிஞ்சியது. அதன் பிறகு காட்டுப் பஞ்சாயத்து கூடி ஒரு சட்டம் போட்டது.

பட்டாசுக் கடை போடுகிறவர் பஞ்சாயத்தில் அனுமதி வாங்க வேண்டும்; கடையில் ராப்பகலாக ஆள் இருக்க வேண்டும். கடையைச் சுற்றிக் குடியிருக்கிற அத்தனை பேரும் 'எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று மனுவில் கால்தடம் வைக்க வேண்டும். ஒரு தடம் குறைந்தாலும் விசாரணை.

ஒரு நாள் காலை, தேக்கிலையில் எழுதிய மனுவோடு கீரி வந்தது. பேச்சில் அதை மிஞ்ச அந்தக் காட்டில் ஆள் இல்லை.

"கௌதாரியக்கா, சாப்பாடு ஆச்சா?"

"ஆச்சு தம்பி. என்ன இந்தப் பக்கம்?"

"சும்மா, உங்களைப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"சும்மா வர்றவன் கையில இலை எதுக்கு?"

கீரி சிரித்துக்கொண்டே இலையை விரித்தது. "இந்தப் புல்வெளியில பட்டாசுக் கடை போடறேன் அக்கா. கோயிலுக்குப் போற எல்லாரும் இந்த வழியாத்தானே போகணும்? முயல் தடம் வெச்சாச்சு. உடும்பு வெச்சாச்சு. அணில் ஆசைப்பட்டு ரெண்டு தடவை வெச்சாச்சு. உங்க தடம் ஒண்ணுதான் பாக்கி."

"எல்லாரும் மனுவைப் பார்த்துட்டா வெச்சாங்க?"

"ஆளுக்கு ஒரு மத்தாப்புப் பெட்டி குடுத்தேன். அதைப் பார்த்துட்டு வெச்சாங்க."

"கடை எந்த இடத்துல வரும்?"

"அதோ, உங்க கூட்டுலேர்ந்து இருபது அடி."

முட்டை பொரிய இன்னும் எட்டு நாள். திருவிழாவுக்கும் எட்டு நாள். தீ வந்தால் கௌதாரி பறந்துவிடலாம். முட்டைகளைத் தூக்கிக்கொண்டு பறக்க அதற்குக் கையா இருக்கிறது?

"ஆத்து மணல்ல போடேன் தம்பி. அங்கே ஒரு பிடி புல்லுகூடக் கிடையாதே."

"அங்கே யாரு வருவா? நீங்க வீணாப் பயப்படறீங்க. என் சரக்கு அவ்வளவு பத்திரம்."

"நாளைக்குப் பஞ்சாயத்துல பேசிக்கலாம்" என்றது கௌதாரி.

கீரியின் முகம் சுண்டிப்போனது. "உங்க ஒருத்தருக்காகத் திருவிழாவே நிக்கணுமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனது.

மறுநாள் கௌதாரி தன் வீட்டுக்காரரை முட்டைகளின்மேல் உட்கார வைத்தது. "அசையாம இருங்க. கரையானைக் கண்டா எழுந்து ஓடிடாதீங்க" என்று இரண்டு முறை சொல்லிவிட்டுக் கிளம்பியது. வழியில் கோயில் மேட்டைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றது.

"சாமி, எனக்குச் சண்டை போட வராது. வாயைத் திறந்தா நல்ல வார்த்தையாக் குடு."

வேண்டிக்கொண்ட பிறகு அதன் நடையில் தயக்கம் இல்லை.

மருத மரத்தடியில் பஞ்சாயத்து கூடியிருந்தது. தலைவர் காட்டெருமை. சட்டத்தில் சொல்லாவிட்டால் தும்மக்கூட யோசிக்கும். எழுத்தர் முள்ளம்பன்றி தன் முதுகிலிருந்தே ஒரு முள்ளைப் பிடுங்கி மையில் தொட்டுக்கொண்டது. யார் என்ன பேசினாலும் ஓர் எழுத்து விடாமல் எழுதிவிடும்.

மத்தாப்புப் பெட்டியை மடியில் வைத்திருந்த முயல் கௌதாரியை முறைத்தது. "உன்னால எங்க மத்தாப்பு போயிடும்போல இருக்கே."

"அம்மா, உங்க ஆட்சேபணை என்ன?" என்று கேட்டது காட்டெருமை.

"பட்டாசு எனக்கும் பிடிக்குங்க தலைவரே. தம்பிகிட்ட ரெண்டு வார்த்தை கேட்டுக்கிட்டுத் தடம் வெச்சுடறேன்."

கீரி மார்பை நிமிர்த்திக்கொண்டது. "கேளுங்க அக்கா."

"சரக்கு பத்திரமா இருக்குமா?"

"பூ மாதிரி வெச்சிருப்பேன்."

"பொறி கிறி பட்டுடாதே?"

"வாய்ப்பே இல்லை."

"கடையில ராப்பகலா ஆள் இருக்கணும்னு சட்டம் சொல்லுதாமே?"

"நானே இருப்பேன். இதுக்குப் போய் வேற ஆளா?"

கௌதாரி பரிவோடு தலையசைத்தது. "இத்தனை நாள் குடும்பத்தை விட்டுட்டு எப்படித் தம்பி இருப்ப? உன் வீடு ஆத்துக்கு அந்தப் பக்கம். பெண்சாதியையும் நாலு குட்டிகளையும் கூட்டிக்கிட்டு வந்துடு. கடைக்குப் பின்னால, வெடிப் பெட்டிங்களை ஒட்டி ஒரு வளை தோண்டிக்கோ. என் முட்டைங்களும் உன் குட்டிங்களும் பக்கத்துல பக்கத்துல இருக்கட்டும். நீ குடி வந்த அன்னிக்கே நான் தடம் வெச்சுடறேன்."

"நல்ல யோசனை" என்றது அணில்.

கீரி மட்டும் வாலைச் சுருட்டியது, நீட்டியது. "இடம் மாறினா குட்டிங்களுக்குச் சளி பிடிக்கும் அக்கா."

"இந்தப் பங்குனி வெயில்லயா?"

கூட்டத்தில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள்.

"என் பெண்சாதி ஒத்துக்கமாட்டா."

"நான் வந்து பேசறேன். பொம்பளைக்குப் பொம்பளை சொன்னா கேப்பா."

"அக்கா, புரியாமப் பேசறீங்களே" என்று கீரி படபடத்தது. "அதுங்க கண்ணு திறந்து மூணு நாள்கூட ஆகல. சுத்திலும் காஞ்ச புல்லு, நடுவுல வெடிப் பெட்டி. ஒரே ஒரு பொறி விழுந்தா, பச்சைக் குழந்தைங்க எங்கேன்னு ஓடும்?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று கீரிக்கு உறைத்தது. முள்ளம்பன்றி எழுதும் சத்தம் மட்டும் கிறீச் கிறீச் என்று கேட்டது.

"எழுத்தரே, கடைசியா எழுதினதைப் படிங்க" என்றது காட்டெருமை.

முள்ளம்பன்றி படித்தது. "சுத்திலும் காஞ்ச புல்லு, நடுவுல வெடிப் பெட்டி. ஒரே ஒரு பொறி விழுந்தா, பச்சைக் குழந்தைங்க எங்கேன்னு ஓடும்?"

"அதுதாங்க தலைவரே, என் ஆட்சேபணை" என்றது கௌதாரி.

உடும்பு மெல்ல முன்னால் வந்தது. "என் தடத்தை அழிச்சுடுங்க எழுத்தரே. என் பொந்தும் அந்தப் புல்லுலதான் இருக்கு." முயல் மத்தாப்புப் பெட்டியைக் கீரியின் முன்னால் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தது.

காட்டெருமை எழுந்து தீர்ப்புச் சொன்னது. "கடை ஆத்து மணல்ல. வெடிக்கிறதும் அங்கேதான், பொழுது சாய்ஞ்சதுலேர்ந்து சாமி ஊர்வலம் திரும்புற வரைக்கும். புல்வெளிப் பக்கம் யாராவது பட்டாசோட வந்தா, பஞ்சாயத்து பிடுங்கிக்கும்."

"மணலுக்குக் கூட்டம் வருமா தலைவரே?" என்று கீரி ஈனக்குரலில் கேட்டது.

"கடை எங்கேயோ, கூட்டமும் அங்கேதான்."

புதிய மனு எழுதப்பட்டது. முதல் கால்தடம் வைத்தது கௌதாரி. "நல்லா வியாபாரம் பண்ணு தம்பி" என்று மனசாரச் சொல்லிவிட்டு, முட்டை ஆறிவிடுமே என்று விறுவிறுவென நடையைக் கட்டியது.

திருவிழா வந்தது. மணல் முழுக்கக் கூட்டம். கீரிக்கு மூச்சுவிட நேரமில்லை. குரங்கு விட்ட ராக்கெட் ஒன்று தடம் மாறித் தலைகீழாக வந்து மணலில் விழுந்தது. புஸ்ஸென்று புகைந்து அணைந்துபோனது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

புல்வெளியில் ஒரு சத்தமும் இல்லை. தூரத்து வானத்தில் சிவப்பும் பச்சையுமாய்ப் பூப்பூத்ததை ஆண் கௌதாரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"இங்கே வந்து பாரேன், எவ்வளவு அழகா இருக்கு."

"சும்மா இருங்க" என்றது கௌதாரி.

அதன் வயிற்றுக்குக் கீழே, ஒரு சின்ன அலகு முட்டை ஓட்டைக் கொத்தும் சத்தம் கேட்டது.

நீதி: நம் பிள்ளைகளை உட்கார வைக்கத் துணியாத இடத்தில், அடுத்தவர் பிள்ளைகளையும் இருக்க வைக்கக் கூடாது.