மரை மாற்றிய குழாய்

கண்ணாடிக் கட்டடங்கள் நிறைந்த ஒரு சாலையில் முன்பு ஒரு குழாய், ஸ்டார்ட்அப் கம்பெனி ஒன்றைத் தொடங்கியது. குடங்களுக்கு வேண்டிய நேரத்தில் தண்ணீர் கொடுப்பது. அதுதான் தொழில்.

தொடங்கிய நாளில் முன்னால் நிற்க அந்தக் குழாய். பின்னால் ஒரு கிணறு, ஒரு மோட்டார், இரண்டையும் கட்டி மேய்க்க ஒரு ரெஞ்ச். மோட்டார் மக்கர் செய்தால் ரெஞ்ச்தான் மல்லுக்கட்டும். வாஷர் தேய்ந்தால் அதுதான் மாற்றும். குடங்களுக்கு அதன் பெயர்கூடத் தெரியாது. "குழாய்த் தம்பி என்னமா தண்ணி குடுக்குது!" என்று மெச்சிவிட்டுப் போகும். ரெஞ்ச் அதையும் பொறுத்துக்கொண்டது.

நாளடைவில் குழாய்க்கு நிக்கல் பூச்சு ஏறியது. பூச்சோடு தலைக்கனமும் ஏறியது.

ஒருநாள் டேங்கர் லாரி வந்து நின்றது.

"என்ன தம்பி, இந்தக் காலத்துல போய் சொந்தக் கிணத்தோட மாரடிக்கிறீங்க? தூர் வாரணும், மோட்டார் பார்க்கணும், இந்தத் துருப்பிடிச்ச ஆளைக் கட்டி அழணும். பின்வேலை மொத்தத்தையும் என்கிட்ட விடுங்க. நீங்க முன்னால பளபளன்னு நின்னாப் போதும்."

குழாய்க்கு வாயெல்லாம் பல்.

"ஒரே ஒரு சின்ன விஷயம்," என்றது டேங்கர். "என் ஹோஸ் உங்க கழுத்துல ஏறணும்னா, பைப்பைத் திருகி மாட்டுற மரையை என் அளவுக்கு வெட்டிக்கணும்."

ரெஞ்ச் பதறியது. "வேணாம் தம்பி! மரையை மாத்திட்டா நம்ம கிணத்துப் பைப் உன் கழுத்துல உட்காராது. நாளைக்கு அவன் வரலைன்னா என்ன பண்ணுவே?"

"அண்ணே, நீங்க பழைய ஆளு. இதெல்லாம் உங்களுக்குப் புரியாது."

மரையை வெட்டினார்கள். கிணற்றைக் கல் போட்டு மூடினார்கள். மோட்டார் காயலான் கடைக்குப் போனது. போகும்போது அது ரெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வையை ரெஞ்ச் இன்றுவரை மறக்கவில்லை.

"இனிமே புது டீம்," என்றது குழாய். "நீங்களும் அப்ளை பண்ணுங்கண்ணே. எல்லாருக்கும் ஒரே ரூல்."

தான் தூக்கி நிறுத்திய கம்பெனியில் வேலை கேட்டு ரெஞ்ச் போய் நின்றது. மேசையில் மூன்று செல்போன்கள் மல்லாந்து கிடந்தன. அவைதான் புது இன்ஜினியர்கள்.

"டேங்கருக்கு போன் போட்ட அனுபவம் எத்தனை வருஷம், அங்கிள்?"

"டேங்கர் வந்தே ஒரு மாசம்தானேப்பா ஆகுது?"

"குறைஞ்சது அஞ்சு வருஷம் வேணுமே."

"கிணத்துல இறங்கியிருக்கேன். மோட்டாரைப் பிரிச்சு மாட்டியிருக்கேன்."

"அதெல்லாம் இங்க தேவைப்படாது. சரி, இதுக்குப் பதில் சொல்லுங்க. சாக்கடை மூடி ஏன் வட்டமா இருக்கு?"

"ஊர்ல பாதி மூடியைத் திறந்தவன் நான். அடைப்பு எடுக்கத்தான் கூப்பிட்டாங்க. விடுகதை போட யாரும் கூப்பிடலை."

செல்போன்கள் ஒன்றையொன்று பார்த்துச் சிணுங்கிக்கொண்டன. "சொல்லி அனுப்புறோம் அங்கிள்."

சொல்லி அனுப்பவேயில்லை. ரெஞ்சைக் கோணிப்பையில் போட்டுக் குழாயடியிலேயே ஒரு மூலையில் தள்ளினார்கள். அங்கே கிடந்தபடி அது எல்லாவற்றையும் கேட்டது. டேங்கர் தண்ணீரைப் பிடித்து விட்டுக்கொண்டு, "நம்ம தண்ணி, நம்ம தண்ணி" என்று குழாய் பீற்றிக்கொள்வதையும் கேட்டது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

கோடை வந்தது. பக்கத்தில் பெரிய நட்சத்திர ஓட்டல் திறந்தது. டேங்கரிடமிருந்து ஒரு வரிச் செய்தி வந்தது: 'இந்தத் தெருவுக்கான சேவை இன்றோடு நிறுத்தப்படுகிறது. உங்கள் ஆதரவுக்கு நன்றி.'

செல்போன்கள் மாறி மாறி அடித்தன. எதிர்முனையில் பாட்டுதான் கேட்டது. வேறொரு டேங்கர் வந்து பார்த்தது. அதன் ஹோஸ் வேறு அளவு. உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டது.

குடங்கள் கொதித்தன. "ஏய் பளபளப்பு! வீட்டுல குழந்தை அழுவுது. தண்ணி எங்கடா?" என்று ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குடம் குழாயின் மண்டையிலேயே இடித்தது.

அப்போதுதான் குழாய்க்கு மூலை ஞாபகம் வந்தது. "அண்ணே... முழிச்சிருக்கீங்களா?"

"தூங்க விட்டீங்களாடா?" என்று ரெஞ்ச் கோணியை உதறிக்கொண்டு வந்தது. கல்லைப் பார்த்தது. குழாயின் கழுத்தைத் தடவிப் பார்த்தது. குழாயின் முகத்தில் அறைய வேண்டும்போல் இருந்தது. வெயிலில் வரிசையாய் நின்ற குடங்களைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டது.

"கல்லைத் தூக்கணும். வேற மோட்டார் இறக்கணும். உன் கழுத்தை அறுத்துப் பழையபடி மரை போடணும். பூச்சு போகும், வலிக்கும். உனக்காக இல்ல, இந்தக் குடங்களுக்காகச் செய்யறேன்."

குழாய் நெளிந்தது. "ரொம்ப சந்தோஷம்ணே. உடனே சேர்த்துக்கிறோம். ஆனா கம்பெனி ரூல்னு ஒண்ணு இருக்கில்லையா? ஒரு சின்ன இன்டர்வியூ மட்டும் முடிச்சிட்டா..."

செல்போன்கள் அவசரமாக மேசைமேல் ஏறி மல்லாந்தன.

ரெஞ்சின் தாடை இறுகியது. ஒரே எட்டில் குழாயின் முன்னே போய் நின்றது.

"இன்டர்வியூ தானே? வெச்சுக்கலாம். இந்த வாட்டி கேள்வி நான் கேட்கிறேன். சொந்தமாத் தண்ணி குடுத்த அனுபவம் உனக்கு எத்தனை வருஷம்?"

குடங்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தன.

குழாய் வாயைத் திறந்தது. காற்றுதான் வந்தது.