சொல்லிவிட்டுச் சேர்வதா?

"டீச்சர், சொல்லிரட்டுமா, மறைச்சிரட்டுமா?"

செண்பகவல்லி இப்படிக் கேட்டபோது பிளெஸ்ஸி நீச்சல்குளத்தின் ஓரத்தில் காலை நனைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பெண்கள் பேட்ச் முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். மத்தியான வெயில் தண்ணீரில் ஆடியது.

டீச்சருக்கு முப்பத்தெட்டு வயது. மாணவிக்கு நாற்பத்தாறு. பல வருஷங்களுக்கு முன் இதே குளத்தில் பிளெஸ்ஸியிடம்தான் செண்பகவல்லி நீந்தக் கற்றாள். குளோரின் வாசனை பட்டதுமே அவளுக்குத் தோள்கள் தளர்ந்தன.

"எதை அக்கா?"

"எனக்கு ஆட்டிசமாம். போன மாசம்தான் டாக்டர் சொன்னாங்க. திங்கக்கிழமை புது வேலைல சேரணும். கட்டட பிளான் வரையுற கம்பெனி."

"சரி."

"சொன்னா, பச்சப்புள்ளகிட்ட பேசுற மாதிரி பேசுவாங்க. சொல்லலன்னா, முகத்தப் பாத்துப் பேச மாட்டேங்கா, திமிர் புடிச்சவன்னுவாங்க. பழைய ஆபீஸ்ல அப்படித்தான். தாங்க முடியாம நானே வேலைய விட்டுட்டு வந்துட்டேன்."

பிளெஸ்ஸி குளத்தை நோக்கிக் குனிந்தாள். மிதந்து வந்த வேப்பிலை ஒன்றை எடுத்து வெளியே போட்டாள்.

"நீச்சல் கத்துக்க வந்த முதல் நாள் எங்கிட்ட என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

"ஒண்ணும் சொல்லலையே."

"சொன்னீங்க. 'விசில் ஊதாதீங்க டீச்சர், தலைக்குள்ள குத்துது. கையத் தூக்குங்க, நான் பாத்துக்கிடுதேன்'னீங்க."

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது.

அதன் பிறகு டீச்சர் விசிலைத் தொடவே இல்லை. மொத்த பேட்சும் அவள் கையைப் பார்த்தே நீந்தப் பழகியது. முடிந்ததும் ஈரத் தலையோடு வாசல் கடையில் சுக்குக் காப்பி. எல்லோரும் பேசுவார்கள். செண்பகவல்லி பேச மாட்டாள். ஏன் பேசவில்லை என்று ஒருத்தியும் கேட்டதில்லை. டம்ளர் காலியானதும் பக்கத்தில் இருப்பவள் வாங்கி வைப்பாள். அவ்வளவுதான்.

அவள் நடிக்காமல் இருந்த நேரம் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

"அப்ப எனக்கு இந்தப் பேரே தெரியாது, டீச்சர்."

"எனக்கும்தான் தெரியாது."

"நீங்க மட்டும் ஏன் என்னப் பச்சப்புள்ளயா நினைக்கல?"

"ஆழத்துல பிடிச்சுத் தள்ளுனேனே, மறந்துட்டீங்களா?"

"வயிறு முட்டத் தண்ணி குடிச்சேன்!"

இருவரும் சிரித்து ஓய்ந்தார்கள். பிறகு செண்பகவல்லி மெல்லக் கேட்டாள்.

"அங்க உங்கள மாதிரி யாரும் இல்லன்னா?"

பிளெஸ்ஸி எழுந்து காலைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லிட்டா அது முதல் நாளே தெரிஞ்சிரும். பழைய ஆபீஸ்ல தெரிய எத்தன வருஷம் ஆச்சு?"



ஞாயிறு முழுக்கச் செண்பகவல்லி கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தாள். சந்தேகப்பட்டால் என்ன சொல்வது, இரக்கப்பட்டால் என்ன சொல்வது, வேலையே இல்லை என்றால் எப்படி எழுந்து வருவது.

திங்கட்கிழமை. மேனேஜர் கமாலுதீன் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. மேஜையைப் பார்த்தபடி ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"எனக்கு அதப் பத்தி ஒண்ணும் தெரியாதும்மா. நாங்க என்ன செய்யணும், சொல்லுங்க."

செண்பகவல்லி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

அந்தக் கேள்விக்கு அவள் பதில் தயாரித்து வந்திருக்கவில்லை.