தலைக்கு மேல் ஓர் அம்பு

முதலாம் ஆண்டுக்கு யார் யார் என்ன பாடம் எடுப்பது என்ற பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். ஸ்டேடிக்ஸுக்கு நேரே நவநீதன் என்று இருந்தது. மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் நவநீதன்தான்.

பதினான்கு வருஷமாக அது என் பாடம். அசையாமல் நிற்கிற பொருள் ஏன் அசையாமல் நிற்கிறது என்று கேட்கிற பாடம். முதல் நாள் ஓர் ஏணியைச் சுவரில் சாய்த்து வைத்து, "இது ஏன் விழல, சொல்லுங்க" என்பேன். கல்யாண வீட்டில் பழைய மாணவர்கள் பார்த்தால் "ஏணி சார்!" என்றுதான் ஓடி வருவார்கள். இனி அந்த முதல் நாள் நேற்று வந்தவனுக்கு.

நவநீதனுக்கு இருபத்தொன்பது வயசு. டாக்டர் பட்டம் வாங்கிவிட்டான். நான் நாற்பத்தாறு வயசில் இன்னும் வாங்கிக்கொண்டே இருக்கிறேன். பையன் நல்லவன் வேறு, அதுதான் தாங்க முடியவில்லை. காலையில் வந்து, "சார், உங்க நோட்ஸ் கிடைச்சா பெரிய உதவியா இருக்கும்" என்றான். வீட்டில் கரையான் அரித்துவிட்டது என்று சொன்னேன். நோட்டு அப்போது என் கையிலேயே இருந்தது.

வயிற்றெரிச்சலோடு ஹெப்சிபா மேடம் அறைக்குப் போனேன். எங்கள் கல்லூரியின் சிவில் இன்ஜினியரிங் துறைத் தலைவர். என் ஆராய்ச்சிக்கும் அவர்தான் கைடு. என்னைவிட இரண்டு வயசு சின்னவர். அவர் என்னை சார் என்பார், நான் அவரை மேடம் என்பேன். யாருக்கு யார் வாத்தியார் என்பதில் மட்டும் எங்களுக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

"உக்காருங்க தணிகைவேல் சார்."

உட்கார்ந்தேன்.

"என் கிளாஸ்ல என்ன குறை கண்டீங்க மேடம்?"

"ஒண்ணும் இல்லையே."

"அப்புறம் ஏன் அவனுக்குக் கொடுத்தீங்க?"

"அவரும் நல்லா எடுப்பார்."

அந்த 'அவரும்' என்னைச் சுட்டது. என்னையும் அவனையும் ஒரே தராசில் வைத்த 'உம்' அது.

"நேத்து வந்தவன் மேடம்! சாக்பீஸ் பிடிக்கத் தெரியுமா அவனுக்கு? ஸ்க்ரீன்ல படம் காட்டுவான். பிள்ளைங்க வாயைப் பொளந்துட்டுப் பார்க்கும். மண்டையில ஒண்ணும் ஏறாது."

மேடம் டீயை ஒரு வாய் குடித்தார்.

"நாற்காலி ஏன் சார் இப்படி ஆடுது?"

அப்போதுதான் கவனித்தேன். என் கால்தான் ஆடிக்கொண்டிருந்தது. நிறுத்தினேன்.

அவர் ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். "இப்ப உக்காந்திருக்கிற உங்களுக்கு ஒரு ஃப்ரீ பாடி படம் போடுங்க. படம் சரியா இருந்தா அந்தப் பட்டியலைக் கிழிச்சுட்டு உங்க பேரைப் போட்டுடறேன்."

"நிஜமாவா?"

"நிஜமா."

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஸ்டேடிக்ஸின் அரிச்சுவடியே இந்தப் படம்தான். சுற்றி இருக்கிற எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, பொருளை மட்டும் வரைந்து, அதன்மேல் வேலை செய்கிற விசைகளை அம்புகளாகப் போடவேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போடுவேன். பாடம் என் கைக்கு வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஆளை வரைந்தேன். உடனே தலைக்கு மேலிருந்து கீழ்நோக்கி ஒரு தடித்த அம்பு, தாள் கிழிகிற மாதிரி. பக்கத்தில் 'நவநீதன்' என்று எழுதினேன். மேடத்துக்கு உறைக்கட்டும் என்றுதான் எழுதினேன். பிறகு நாற்காலி தாங்குவதற்கு மேல்நோக்கி ஓர் அம்பு, தரை பாதத்தைத் தாங்குவதற்கு இன்னோர் அம்பு. தாளை மேடம் பக்கம் திருப்பி வைத்தேன்.

"கீழே வர்றதும் மேலே போறதும் சமம். கணக்கு நேரா இருக்கு மேடம். அவன் என் தலைமேல ஏறி உக்காந்திருக்கான், அவ்வளவுதான்."

மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நாற்காலி உங்களைத் தொடுது. சரி. தரையும் தொடுது. சரி. நவநீதன் எங்க தொடுறார்?"

"தொடல."

"இப்ப எங்க இருக்கார்?"

"லைப்ரரியில."

"தொடாத ஒண்ணு கீழே அழுத்துமா சார்? உங்க பாடத்துல அப்படி உண்டா?"

"ஒண்ணே ஒண்ணு உண்டு."

"என்னது?"

"செல்ஃப் வெயிட். அவங்கவங்க சொந்த எடை."

சொல்லிவிட்டுத் தாளைப் பார்த்தேன். எடையைக் காணோம். வருஷா வருஷம் முதல் தேர்வில் பாதிப் பிள்ளைகள் இதைத்தான் கோட்டை விடுவார்கள். ஈவிரக்கம் இல்லாமல் சுழியம் போடுவேன்.

"எடையைப் போட விட்டுட்டேன் மேடம்" என்றேன்.

மேடம் தாளை என் பக்கமே திருப்பினார். அந்தத் தடித்த அம்பின்மேல் விரலை வைத்தார்.

"விடலையே சார். போட்டிருக்கீங்க. பேரைத்தான் மாத்தி எழுதிட்டீங்க."