மேசைமேல் இருந்த காது

கனகவல்லி மடத்துச் சாமியாரின் அறைக்குள் வந்தாள். அவர் பாயை விரித்தும் அவள் உட்காரவில்லை.

முந்தின நாள் யாரோ ஒருவன் அவளுக்குப் போன் செய்திருக்கிறான். போன மாதம் இதே அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவள் சாமியிடம் சொன்னதை, அவள் சொன்ன வார்த்தைகளிலேயே திருப்பிச் சொல்லியிருக்கிறான். சொன்னபடி கேட்காவிட்டால், அமாவாசை முடிந்ததும் அவள் மகளை நிச்சயம் செய்திருக்கும் வீட்டில் போய் இதையெல்லாம் சொல்லிவிடுவானாம்.

"அன்னிக்கு இங்க நீங்களும் நானும்தான் இருந்தோம் சாமி."

"ஆமாம்மா. நாம ரெண்டு பேர்தான்."

"அப்புறம் எப்படி வெளியே போச்சு?"

"எனக்குத் தெரியலைம்மா."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கொல்லிமலை அடிவாரத்து அந்த மடத்தில் பெரிய பூசைகள் கிடையாது. ஒரு வழக்கம் மட்டும் உண்டு. யாராவது மனக்குறை சொல்ல வந்தால் மற்றவர்கள் எழுந்து கிணற்றடிக்குப் போய்விட வேண்டும். ஒருவர் ராட்டினத்தை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் தேவையா இல்லையா என்பது பேச்சில்லை. அந்தக் கிறீச்சொலியில் உள்ளே பேசுவது யார் காதிலும் விழாது. அது கேட்டால்தான் வந்தவர்களும் வாய் திறப்பார்கள்.

பெரும்பாலும் ராட்டினம் இழுப்பவர் அம்பலவாணர். டெலிபோன் இலாகாவில் என்ஜினியராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மடத்துக்கு வந்தவர். சாமியைவிட வயதில் மூத்தவர். சாமியின் காலைப் பேச்சைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்வதும், வர முடியாதவர்களுக்கு அதை அனுப்புவதும் அவர் வேலை. அதிலிருந்து ஒரு புத்தகமும் எழுதிக்கொண்டிருந்தார்.

அன்று கனகவல்லி நேரே உள்ளே போய்விட்டதால் அவர் கிணற்றடிக்குப் போகவில்லை; வாசலில் நின்றபடியே அவள் சொன்னதைக் கேட்டுவிட்டார். அந்த அறையின் மேசைமேல்தான் கம்ப்யூட்டரும் மைக்கும் இருந்தன.

போய்ப் பார்த்தார். யாரும் தொடாமலே இன்டர்நெட் பெட்டியின் விளக்கு விடாமல் மினுக்கிக்கொண்டிருந்தது. மெஷினைப் போட்டதும் தானாகக் கிளம்பும் ஏதோ ஒரு புரோகிராம், பெயர் தெரியாதது, உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. மைக்கில் விழுவதெல்லாம் எங்கோ வெளியே போய்க்கொண்டிருந்தது. சந்திக்க வருகிறவர்களின் போன் நம்பர்களும் அதே மெஷினில்தான் இருந்தன.

சாமியிடம் ஓடி வந்து சொன்னார்.

"ஆள் எந்த வழியா வந்தான்?"

"ஆள் வரலைங்க சாமி. நாம வேணும்னு உள்ள விடுற ஏதாவது ஒண்ணுக்குள்ள ஒளிஞ்சு வரும். வந்ததும் வெளிய இருக்கிறவனுக்கு வழி திறந்து வெச்சிரும். அப்புறம் அவன் எங்கயோ உட்கார்ந்துகிட்டு நம்ம மெஷினை நாம ஓட்டுற மாதிரியே ஓட்டுவான்."

"காவலுக்கு ஒண்ணும் இல்லையா?"

"ஆன்டிவைரஸ் இருக்குதுங்க."

"அது தூங்கிருச்சா?"

 உடனே எடுத்துவிடுகிறேன் என்று மட்டும் அம்பலவாணர் சொன்னார்.

இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கினார். மெஷின் முழுக்கத் தேடி அந்தப் புரோகிராமையும் அது ஒட்டிக்கொண்டிருந்த இடங்களையும் அழித்தார். விளக்கு அடங்கியது. ஒயரைத் திரும்ப மாட்டி வேலையைத் தொடர்ந்தார்; மறுநாள் காலையில் விளக்கு மறுபடியும் மினுக்கியது. மறுபடி அழித்தார். மறுபடி வந்தது. அவருக்குச் சோறு இறங்கவில்லை. காலைப் பேச்சின் நடுவிலேயே எழுந்து போய் விளக்கைப் பார்த்துவிட்டு வந்தார். நான் இத்தனை வருஷம் படித்த படிப்பு என்ன படிப்பு என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது.

சாமி கிணற்றடியில் வேட்டி அலசிக்கொண்டிருந்தார்.

"துடைச்சு முடிச்சதும் முதல் வேலையா என்ன செய்வீங்க அம்பலவாணரே?"

"உங்க பேச்சைச் சுத்தம் பண்ணுவேன் சாமி."

"எதை வெச்சு?"

அம்பலவாணர் சட்டைப்பையைத் தொட்டார். அதில் ஒரு பென்டிரைவ் இருந்தது. காக்கா, இருமல், மின்விசிறி எல்லாவற்றையும் நீக்கிக் பேசும் குரலை மட்டும் விட்டுவைக்கும் ஒரு புரோகிராம் அதில் இருந்தது. விலை அதிகம். யாரோ பூட்டை உடைத்து இன்டர்நெட்டில் இலவசமாகப் போட்டிருந்தார்கள். ஏற்றுவதற்கு முன் ஆன்டிவைரஸை நிறுத்திவிடவும் என்று அதிலேயே எழுதியிருந்தது. ஒவ்வொரு தடவையும் மெஷினைத் துடைத்துவிட்டு, அதையே மறுபடி ஏற்றியிருக்கிறார்.

"காவலை நிறுத்தினது யாரு?"

"நான்தான் சாமி."

"எதுக்கு?"

"உங்க குரல் சுத்தமா கேட்கணும்னு."

சாமி வேட்டியைப் பிழிந்தார்.

"கனகவல்லிகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"மெஷினை முதல்ல சரி பண்ணிட்டு..."

"அவங்க தூங்காம இருக்காங்க. மெஷினுக்கு என்ன அவசரம்?"

அம்பலவாணர் அன்றைக்கே அவளுடைய தையல் கடைக்குப் போனார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"நான் பேசினது யாருக்கும் கேட்கக்கூடாதுன்னு, கை வலிக்க ராட்டினம் இழுத்தவரு நீங்கதானே?"

 சாமியைச் சந்தேகப்பட்டுவிட்டேனே என்று அவள் வெகுநேரம் புலம்பினாள். பிறகு அவரையும் கூட்டிக்கொண்டு போலீசுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தாள். திரும்பும் வழியில், அவன் போய்ச் சொல்வதற்கு முன்னால் சம்பந்தி வீட்டில் நானே சொல்லிவிடுகிறேன் என்றாள். சொல்லியும்விட்டாள். கல்யாணம் தட்டிப்போகவில்லை என்று பிறகு தெரிந்தது.

அந்த அறையில் பேசிப் போன மற்றவர்களையும் அம்பலவாணர் வீடு தேடிப் போய்ப் பார்த்தார். பென்டிரைவை உடைத்தார். சுத்தம் பண்ணாத மூலப் பதிவுகளை மட்டும் தனியே எடுத்து வைத்துவிட்டு, மெஷினை மிச்சம் மீதியில்லாமல் அழித்துப் புதிதாக ஏற்பாடு செய்தார். பாஸ்வேர்டுகளை எல்லாம் வேறொரு மெஷினிலிருந்து மாற்றினார். காலைப் பேச்சு முடிந்ததும் மைக்கைக் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். விளக்கு அடங்கியே இருந்தது.

அவர் மட்டும் அடங்கவில்லை.

"அந்தப் புரோகிராமை இந்தத் தடவை விலை கொடுத்து முறையா வாங்கிரலாங்களா சாமி?"

"எதுக்கு?"

"ஆடி மாசத்துப் பேச்சு ஒண்ணுக்காகத்தான். பாதியில நீங்க நிறுத்துறீங்க. அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணுமே இல்லை. அப்படி ஒரு மௌனம். அதைப் பத்தியே ஒரு அத்தியாயம் எழுதியிருக்கேன். சுத்தம் பண்ணின பதிவு மெஷினோட போயிருச்சு."

"சுத்தம் பண்ணாதது இருக்கா?"

"இருக்குதுங்க. ஆனா ஒரே இரைச்சல்."

"போடுங்க."

போட்டார். காக்கை கரைந்தது. யாரோ இருமினார்கள். மின்விசிறி கடகடத்தது. அதற்கு நடுவே சாமியின் குரல் வந்துகொண்டிருந்தது. ஒரு வாக்கியத்தின் பாதியில் நின்றது.

அந்த இடத்தில் ஒரு பெண், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு விம்முவது கேட்டது. அடக்க அடக்க வந்தது. வெகுநேரம் கழித்து ஓய்ந்தது. சாமியின் குரல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

அம்பலவாணருக்கு அந்தக் குரல் தெரிந்தது; கனகவல்லி. கை தானாகப் போய்ப் பதிவை நிறுத்தியது.

"சாமி, அங்க நீங்க ஏன் பேச்சை நிறுத்தினீங்க?"

"ஒருத்தங்க அழுதுகிட்டு இருக்கும்போது நடுவுல பேசலாமா, அம்பலவாணரே?"