முழங்காலில் இருந்த குற்றவாளி

வெகு காலத்துக்கு முன்னால் பவளக்கரை என்ற நாட்டை மணிமுடிராயன் என்ற ராஜா ஆண்டு வந்தான். ஆளத் தெரிந்தவன்தான். ஆனால் நாற்பத்தைந்து வயதில் அவனைப் பொல்லாத வாதநோய் பிடித்தது. வலது முழங்கால் வீங்கிச் சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போகிற மாதிரி வலித்தது. அப்புறம் அவன் வாயைத் திறந்தாலே தண்டனைதான். தாளம் தப்பிய மத்தளக்காரனுக்குச் சிறை, கதவைச் சத்தமாகச் சாத்திய காவலாளிக்குக் கசையடி.

அரண்மனை வைத்தியர் தன்னாசி தைலம் காய்ச்சினார், பற்றுப் போட்டார், கஷாயம் கொடுத்தார். வீக்கம் பாதி வடிந்தது. வலி மட்டும் முழுதாக விடவில்லை.

படைத்தலைவன் கூத்தையனுக்கு இது வசதியாகப் போயிற்று. அவனுக்கு அமைச்சர் அம்பலவாணர் மேல் பல வருஷப் பொறாமை. தன்னாசியை அரண்மனைக்கு அழைத்து வந்ததே அமைச்சர்தான். வைத்தியர் விழுந்தால் அமைச்சரும் விழுவார் என்று கணக்குப் போட்டான். தினமும் காலையில் ராஜாவின் கட்டிலருகே போய், "தங்கள் தந்தையாருக்கும் இப்படித்தான் காலில் ஆரம்பித்தது, அரசே. பிறகு இடுப்பு, பிறகு நெஞ்சு. மூன்றே மாதம்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வருவான்.

ஒருநாள் சபையில் ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "வலியைப் போக்காத வைத்தியன் எனக்கு எதற்கு? நாளைக்கு அவன் தலையை எடுங்கள்."

அம்பலவாணர் முன்னால் வந்தார்.

"அரசே, தங்களைத் துன்புறுத்துவது யார்?"

"வலி."

"அப்படியானால் தண்டனை வலிக்குத்தான். வைத்தியர் அதைப் பிடிக்கப் போன காவலர். குற்றவாளியை விட்டுவிட்டுக் காவலரைக் கொன்றால் மற்ற நாட்டார் சிரிப்பார்கள். எட்டு நாள் கொடுங்கள். குற்றவாளியை இந்தச் சபையில் நிறுத்துகிறேன்."

"நிறுத்தாவிட்டால் வைத்தியரோடு அமைச்சரின் தலையும் போகட்டும்," என்றான் கூத்தையன்.

"போகட்டும்," என்றார் அம்பலவாணர். "ஆனால் விசாரணை நடக்கும் காலை வேளையில் ராஜாவின் அறைக்குள் வேறு யாரும் வரக்கூடாது."

ராஜா சம்மதித்தான்.

மறுநாள் அமைச்சர் ஓலையும் எழுத்தாணியுமாகக் கட்டிலருகே வந்தார். "அரசே, இவனைப் பார்த்த ஒரே சாட்சி தாங்கள்தான். அடையாளம் சொல்லுங்கள்."

"எப்போதும் வலிக்கிறது. எங்கும் வலிக்கிறது. எழுதிக்கொள்ளும்."

"எப்போதும் எங்கும் இருப்பவர் கடவுள், அரசே. அவரைக் கைது செய்ய எனக்கு அதிகாரம் இல்லை. கண்ணை மூடி அமைதியாக இருங்கள். மூச்சைக் காவலுக்கு வையுங்கள். அது உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பாருங்கள். வலி வந்தால் விரட்ட வேண்டாம். எங்கே வந்தது, எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொன்னால் போதும்."

முதல் நாள் ராஜா நாலு மூச்சு பார்த்தான், ஐந்தாவதில் தலையணையைத் தூக்கி எறிந்தான். இரண்டாம் நாள், "மூச்சைத் தவற விட்டுவிட்டேன். என்னால் ஆகாது," என்றான்.

"தவறியது தங்களுக்குத் தெரிந்துவிட்டதே. காவல் விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. மறுபடி பிடியுங்கள்."

மூன்றாம் நாள் ராஜா கண்ணைத் திறக்காமலே பேசினான். "மூட்டின் உள்பக்கம். எலுமிச்சம்பழ அளவு. சூடாகத் துடிக்கிறது." கொஞ்சம் பொறுத்து, "இப்போது அடங்குகிறது," என்றான். அது அடங்கவும் செய்யும் என்பதே அவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

ஐந்தாம் நாள் ராஜா வெகுநேரம் மூச்சைப் பார்த்தான். மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"இவன் தனியாக வருவதில்லை, அம்பலவாணரே. வலி முழங்காலோடு நின்றுவிடுகிறது. கூடவே இன்னொருவன் வந்து நெஞ்சில் உட்காருகிறான்."

"யார் அவன்?"

"பயம். என் தந்தை கடைசி நாளில் என்னைப் பார்த்து, நீ யார் என்று கேட்டார். எனக்கும் அப்படித்தான் ஆகும் என்று பயம். அது வந்துவிட்டால் யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருக்கிறது."

அமைச்சர் எழுத்தாணியைக் கீழே வைத்தார். "இதை ஓலையில் எழுத வேண்டாம்," என்றார். அன்று இருவரும் சும்மா மூச்சைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

எட்டாம் நாள் ராஜா கோலூன்றிச் சபைக்கு வந்தான். கூத்தையன் முந்திக்கொண்டான். "குற்றவாளி எங்கே, அமைச்சரே? அரசருக்கு வலி போய்விட்டதா?"

பதில் ராஜாவிடமிருந்து வந்தது. "போகவில்லை. இதோ, முழங்காலில் இருக்கிறான். அவனை நான் பார்க்கிறேன், தன்னாசியின் தைலம் அவனைப் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் வைத்தியர் தலையைக் கேட்டவன் அவன் இல்லை. கேட்டது என் பயம். எட்டு நாளாக நீ என் அறைக்கு வரவில்லை, கூத்தையா. பயமும் பாதியாகக் குறைந்துவிட்டது. அதற்குத் தினமும் சோறு போட்டவன் யார் என்று புரிந்தது."

கூத்தையன் தலை குனிந்தான்.

"உன் படையில் அடிபட்டவர்கள் வைத்தியசாலையில் கிடக்கிறார்கள். ஒரு வருஷம் அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார். அவர்கள் வலியைச் சொன்னால் கேள். நீ எதுவும் பேசாதே."

மத்தளக்காரனையும் காவலாளியையும் அழைத்து, ராஜா தன் வாயால் வருத்தம் சொன்னான். பிறகு அமைச்சரிடம், "இந்த வித்தையை எங்கே கற்றீர்?" என்று கேட்டான்.

அம்பலவாணர் தயங்கினார். "பதினொரு வருஷமாக எனக்கு முதுகுத்தண்டில் தீராத வலி, அரசே. இந்தச் சபையில் நின்றுகொண்டே கற்றது."

ராஜா முன்னால் அமைச்சர்கள் நிற்பதுதான் பவளக்கரையின் முறை. பதினொரு வருஷம் அந்த மனிதர் எதிரே நின்றிருக்கிறார். ஒருநாள்கூட ராஜா அவரைக் கேட்டதில்லை.

நாற்காலி ஒன்று கொண்டுவரச் சொல்லி, அதைத் தன் பக்கத்தில் போட வைத்தான். அம்பலவாணர் மெல்ல உட்கார்ந்தார்.

"இப்போது வலிக்கிறதா?" என்று கேட்டான் ராஜா.

"வலிக்கிறது, அரசே," என்றார் அவர். "உட்கார்ந்துகொண்டு வலிக்கிறது. அது எவ்வளவோ தேவலை."