நாலு விரல் தாழ்ந்த வண்டி

மூங்கிலாற்றங்கரையில், ஓர் அத்தி மரத்தடியில் செண்பகவடிவு என்ற கரடி குடியிருந்தாள். எதிரே மண்மேட்டு வளையில் உலகம்மாள் என்ற முள்ளம்பன்றி குடியிருந்தாள். இரண்டு வாசலுக்கும் நடுவே ஒரு செம்மண் பாதை.

ஒருநாள் காலை செண்பகவடிவு பல் விளக்கிக்கொண்டே வெளியே வந்தாள். எதிர் வாசலைப் பார்த்தாள். வேப்பங்குச்சி வாயிலேயே நின்றுவிட்டது.

அங்கே ஒரு வண்டி! ஆனைக்குட்டி பருமனில், கருகருவென்று, முகம் பார்க்கிற பளபளப்பில் ஒரு வண்டி. சக்கரம் பெரிசு, அதைச் சுற்றின டயர் மட்டும் தோசை கனம். உள்ளே சிவப்பு நூலில் தையல் போட்ட இருக்கைகள். பின்னால் ஒன்றுக்கு இரண்டாகப் புகைக்குழாய்.

"என்ன மதினி, அப்படிப் பாக்கீங்க?" என்று முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு வந்தாள் உலகம்மாள். "கீரி வீரபாகு கடையில எடுத்தது. சாதா வண்டின்னு நினைச்சிராதீங்க. ஸ்போர்ட்ஸ் பேக்கேஜ் போட்டது!"

"அப்படின்னா?"

"அதெல்லாம் வாயால சொல்ல முடியாது மதினி. உட்கார்ந்து பார்த்தாத்தான் தெரியும்!"

உட்காரச் சொன்னாளா என்றால், அதுதான் இல்லை. ஒரு துணியை எடுத்து வண்டியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

செண்பகவடிவு திரும்பித் தன் வாசலைப் பார்த்தாள். அங்கே அவர்களுடைய பழைய ஜீப்பு நின்றது. கொக்குக் கால் முளைத்தது போல நல்ல உயரம். உட்கார இரண்டு பலகை. உடம்பெல்லாம் காய்ந்த சேறு. பன்னிரண்டு வருஷமாக ஆறு, மேடு, பாறை எதையும் விட்டுவைக்காமல் ஏறி இறங்கிய ஜீப்பு அது. நேற்று வரைக்கும் அதைப் பார்த்தால் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இன்றைக்குப் பார்த்தால் பற்றிக்கொண்டு வந்தது!

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கரையான் புற்றைத் தோண்டினாலும் கண் எதிர் வாசலில்தான்.

"என்னங்க, பார்த்தீங்களா? அவ வண்டி எடுத்து எத்தனை நாளாச்சு? ஒரு பொட்டுச் சேறு இருக்கா பாருங்க! ஸ்போர்ட்ஸ் பேக்கேஜ் போட்டா சேறுகூட ஒட்டாது போல!"

அவள் புருஷன் மூக்கையா புற்றுக்குள் மூக்கை விட்டபடியே, "ம்" என்றான்.

"என்ன ம்? இன்னும் பன்னிரண்டு நாள்ல நம்ம தேனம்மைக்கு வளைகாப்பு. ஆத்துக்கு அக்கரையில சம்பந்தி வீட்டுக்குப் போகணும். வளையலைப் போட்டுப் பிள்ளையைத் தலைப்பிரசவத்துக்கு நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். இந்த ஓட்டை ஜீப்பிலயா கூட்டிட்டு வரப் போறீங்க? அவ பார்த்துச் சிரிப்பாளே!"

"யாரு, தேனம்மையா?"

"எதிர்வீட்டுக்காரிங்க!"

மூக்கையா மூக்கை வெளியே எடுத்தான். "ஜீப்புக்கும் வயசாச்சு. புது வண்டி எடுப்போம், வேண்டாங்கலை. ஆனா அந்தப் பேக்கேஜு நமக்குத் தேவையான்னு யோசிக்கணும்."

அதையும் விசாரித்துவிடலாம் என்று அவள் நேரே உலகம்மாளிடமே போனாள். பொறாமை ஒரு பக்கம் குடைந்தாலும் வெளியே காட்டிக்கொள்ளாமல் இனிக்க இனிக்கக் கேட்டாள். "ஏன் உலகம்மா, நாங்களும் புது வண்டி பார்க்கோம். அந்த ஸ்போர்ட்ஸ் பேக்கேஜ் போடலாமா? போட்ட காசுக்குத் தகுமா?"

உலகம்மாளின் சின்னக் கண் ஒரு நொடி அத்தி மரத்தடி ஜீப்பின் மேல் போய்விட்டு வந்தது. இவள் அதைக் கவனிக்கவில்லை.

"என்ன மதினி இப்படிக் கேட்டுட்டீங்க! அது இல்லாட்டா அது ஒரு வண்டியா? பிள்ளைத்தாச்சியைக் கூட்டிட்டு வாறீங்க. சம்பந்தி வீட்டுல எல்லாரும் பார்ப்பாங்க. சாதா வண்டியில போய் இறங்கினா உங்க கௌரவம் என்னாகும்? பேசாம அந்த ஜீப்பை எக்ஸ்சேஞ்சுல தள்ளிவிட்டுட்டு நல்லதா எடுங்க!"

அவ்வளவுதான். மறுநாளே புருஷனை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாள் செண்பகவடிவு.

கீரி வீரபாகு ஓடி வந்து வரவேற்றான். ஒரே மாதிரி இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று சாதா. இன்னொன்று ஸ்போர்ட்ஸ்.

"ரெண்டுக்கும் இன்ஜின் ஒண்ணுதாம்மா," என்றான் வீரபாகு. "பேக்கேஜ் போட்டதுல சத்தம் கொஞ்சம் உறுமலா வரும். சீட்டு ரெண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும். டயர் மெல்லிசு, தார் ரோட்டுல வழுக்கிக்கிட்டுப் போகும். அப்புறம் வண்டியை நாலு விரல் கீழ இறக்கியிருக்கோம். வளைவுல சாயவே சாயாது!"

"நம்ம காட்டுல தார் ரோடு எங்கப்பா இருக்கு?" என்றான் மூக்கையா.

"அது எனக்குத் தெரியாது அண்ணாச்சி. நான் விக்கிறவன்."

மூக்கையா குனிந்து வண்டிக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தான். சாதா வண்டிக்கு அடியில் கை தாராளமாகப் போனது. ஸ்போர்ட்ஸ் வண்டிக்கு அடியில் முழங்கையோடு நின்றுவிட்டது.

"ஏம்மா வடிவு, ஆத்துக்கு நடுவுல, போற வழியிலயே அந்த ஆமைப்பாறை இருக்கே. ஜீப்பு அதைத் தொடாமத் தாண்டிரும். இந்த சாதா வண்டியும் தாண்டிரும்னு தோணுது. இது இடிக்கும். பேசாம சாதாவை எடுப்போம். இதுவும் புதுசுதானே? இதுவும் கறுப்புதானே?"

வீரபாகுவுக்கே மனசு உறுத்தியதோ என்னவோ! "அம்மா, கேட்கிறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வண்டியை எங்க ஓட்டப் போறீங்க?" என்றான்.

நல்ல கேள்வி. ஒரே ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தால் போதும். ஆனால் அவள் மனசில் ஆறா ஓடியது? எதிர் வாசல்தானே நின்றது! சாதா வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் அந்த முள்ளுக்காரி துணியைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிப் பார்ப்பாள் என்று நினைத்தாள். நினைத்ததுமே வயிறு எரிந்தது.

"எங்க ஓட்டினா உனக்கென்ன? அவ வண்டியில என்னென்ன இருக்கோ, அத்தனையும் எனக்கும் வேணும். ஒண்ணு குறையக்கூடாது!"

பழைய ஜீப்பு கடைக்குப் போனது. வளைகாப்புக்கு என்று எடுத்து வைத்திருந்த மலைத்தேன் சாடிகளும் அதன் பின்னாலேயே போயின. சிவப்புத் தையல் வண்டி அத்தி மரத்தடிக்கு வந்தது. உலகம்மாள் வாசலுக்கு வந்து, "அடேயப்பா! என்னுதைவிட மின்னுதே மதினி!" என்றாள். அன்று ராத்திரிதான் செண்பகவடிவு வயிறாரச் சாப்பிட்டாள்.

வளைகாப்பு நாள் வந்தது. காலையில் ஆற்றில் கணுக்கால் தண்ணீர்தான். மூக்கையா வண்டியைப் பார்த்துப் பார்த்து ஓட்டினான். ஆமைப்பாறை மேல் ஏறும்போது அடியில் 'கரக்' என்று ஒரு சத்தம்.

"என்னங்க அது?"

"நீ கேட்ட நாலு விரல்," என்றான் மூக்கையா.

எப்படியோ உரசிக்கொண்டு கரையேறிவிட்டார்கள். சம்பந்தி வீட்டில் எல்லோரும் வண்டியைச் சுற்றி வந்து வாயைப் பிளந்தார்கள். செண்பகவடிவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கொடி வளையல் அடுக்கினார்கள். கட்டுச்சோறு கொடுத்தார்கள். தேனம்மையின் மாமியார் மருமகளை வாசல்வரை கொண்டுவந்து விட்டு, "பார்த்துக் கூட்டிட்டுப் போங்க சம்பந்தி. பிரசவத்துக்குக் கிளம்பினவ பாதி வழியில புகுந்த வீட்டுக்குத் திரும்பக் கூடாது. அது எங்க குடும்பத்துக்கு ஆகாது," என்றாள்.

"இந்த வண்டியில என்ன பயம் சம்பந்தி!" என்றாள் செண்பகவடிவு.

தேனம்மை வண்டியில் ஏறினாள். ஏறினாள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். நிறைமாத வயிறு மாதிரி ஏழு மாத வயிறு அவளுக்கு. இருக்கையோ இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கிற இருக்கை. "யம்மா, மூச்சு முட்டுது!" என்று முனகினாள். கணவனும் மாமியாரும் ஆளுக்கொரு பக்கம் தள்ளித்தான் உட்காரவைத்தார்கள்.

ஆற்றில் இறங்கினார்கள். காலையில் இருந்ததைவிடத் தண்ணீர் கூடியிருந்தது. மலை மேல் மேகம் கறுத்துக் கிடந்தது. வண்டியிலும் இப்போது பாரம் அதிகம். ஆமைப்பாறை மேல் ஏறியதுதான் தாமதம், 'கரக்' என்ற சத்தம் 'கடக்' என்று முடிந்தது. வண்டி பாறை மேல் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. நான்கு சக்கரமும் சும்மா சுற்றின. இரட்டைப் புகைக்குழாயும் நன்றாக உறுமின. அந்த உறுமலில் குறையே இல்லை!

மூக்கையா இறங்கித் தள்ளிப் பார்த்தான். அசையவில்லை. தண்ணீர் கதவுவரை வந்தது. தேனம்மை சீட்டை விட்டு எழுந்திருக்க முடியாமல் அழ ஆரம்பித்தாள். அக்கரையில் சம்பந்தி வீட்டார் கூட்டமாக நின்று கத்தினார்கள். திரும்பிப் போகவும் வழியில்லை, முன்னே போகவும் வழியில்லை.

"ஐயோ! என் பிள்ளை! நானே கொண்டுவந்து ஆத்துல வச்சுட்டேனே!" என்று செண்பகவடிவு தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போது இக்கரையிலிருந்து 'தடதட'வென்று ஒரு சத்தம். அவளுக்கு நன்றாகப் பழகின சத்தம்.

"யம்மா! நம்ம ஜீப்பு!" என்று கத்தினாள் தேனம்மை.

ஆமாம், அதே பழைய ஜீப்புதான். கொக்குக் காலோடு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. பலகை மேல் முள்ளை விரித்துக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள் உலகம்மாள்!

வந்தவள் ஸ்போர்ட்ஸ் வண்டிக்குப் பக்கத்தில் ஜீப்பை நிறுத்தினாள். மூக்கையா மகளை இருக்கையிலிருந்து உருவி எடுத்தான். அவனும் உலகம்மாளுமாக அவளைப் பலகையில் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பு அந்தப் பாறையில் வயிறு தட்டாமல் திரும்பி இக்கரை ஏறியது. திரும்பிப் பார்த்தால், சிவப்புத் தையல் போட்ட இருக்கை வரைக்கும் தண்ணீர்.

கரைக்கு வந்ததும் செண்பகவடிவு ஜீப்பைத் தடவிப் பார்த்தாள். "உலகம்மா! இந்த ஜீப்பு உன்கிட்ட எப்படி?"

உலகம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க கடையில விட்ட அன்னைக்கே போய் எடுத்துட்டேன் மதினி. வீட்டுக்குப் பின்னால மறைச்சு வச்சிருந்தேன்."

"உனக்குத்தான் அந்த வண்டி இருக்கே!"

"எங்க இருக்கு? எடுத்த அன்னைக்கே ஒரு தடவை உட்கார்ந்தேன். சீட்டு ரெண்டு பக்கமும் இறுக்கிப் பிடிச்சுது. என் முள்ளெல்லாம் சீட்டுக்குள்ள! எங்க வீட்டுக்காரர் ஒவ்வொண்ணா உருவி எடுத்தாரு. அன்னையிலிருந்து வண்டி வாசலைத் தாண்டலை. துடைக்கிறதோட சரி."

அதனால்தான் அந்த வண்டியில் ஒரு பொட்டுச் சேறு இல்லை!

"தினமும் நீங்க பலகையில காலை நீட்டி உட்கார்ந்து ஆத்தைத் தாண்டிப் போவீங்க. கிழங்கும் பழமுமா அள்ளிட்டு வருவீங்க. நான் வாசல்ல துணியோட நின்னு பார்த்துப் பார்த்து வயிறெரிஞ்சேன் மதினி. இந்த ஜீப்பு கடைக்கு வந்தா நாம எடுத்துக்கலாம்னுதான் உங்ககிட்ட அப்படி ஏத்திவிட்டேன். இன்னைக்கு மலை கறுத்ததைப் பார்த்தேன். பிள்ளைத்தாச்சி ஞாபகம் வந்துச்சு. அதுக்கு மேல மனசு கேட்கலை."

செண்பகவடிவு திட்டலாம் என்று வாயைத் திறந்தாள். எதைச் சொல்லித் திட்டுவது? ஓடாத வண்டியைப் பார்த்து இவள் பொறாமைப்பட்டாள். இவள் ஓட்டிய வண்டியைப் பார்த்து அவள் பொறாமைப்பட்டாள். பலகையில் படுத்திருந்த தேனம்மைக்கு அழுகை நின்று சிரிப்பு வந்துவிட்டது.

வெள்ளம் வடிந்தபோது அந்த ஸ்போர்ட்ஸ் வண்டிக்குள் ஒரு தவளைக் குடும்பம் குடியேறியிருந்தது. தேனம்மைக்கு இரட்டைக் குட்டிகள் பிறந்தன. பேர் வைக்கிற நாளில் சம்பந்தி வீட்டாரை ஆற்றைத் தாண்டி அழைத்துவர வேண்டியிருந்தது. செண்பகவடிவு செம்மண் பாதையைத் தாண்டி எதிர் வாசலுக்குப் போய் நின்று, "உலகம்மா, ஜீப்பை ஒரு நடை கொடேன்," என்று கேட்டாள். கேட்கும்போது அந்த ஜீப்பைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது!

எதை வாங்கும் முன்பும் நாம் போகிற வழியைப் பார்க்க வேண்டும். அடுத்தவர் வாசலைப் பார்த்து வாங்கினால், நம்மிடம் இருந்த நல்லதும் அந்த வாசலுக்கே போய்ச் சேர்ந்துவிடும்.