நெட்டையனுக்கு ஒரு கட்டில்

கூனிமலையின் இந்தப் பக்க அடிவாரத்தில் ஓட்டைக்குளம் என்று ஓர் ஊர். அந்த ஊரில் பொல்லாதவன் என்று ஒருத்தரையும் காட்ட முடியாது. பொய் கிடையாது, திருட்டு கிடையாது. சொன்ன சொல்லைச் சொன்னபடியே செய்வார்கள். வினையே அதுதான்.

புறப்பட்டுப் போகிறவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். மற்ற ஊர்க்காரர்கள் மறந்துபோய்க் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். ஓட்டைக்குளத்துக்காரர்கள் செத்தாலும் கூப்பிட மாட்டார்கள். ஒருத்தர் வீட்டைப் பூட்டி, பெண்டாட்டியை உள்ளே வைத்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டார். அந்த அம்மாள் அவர் முதுகை ஜன்னல் வழியாகப் பார்த்தபடி வாயை மூடிக்கொண்டு நின்றாள். அவர் திரும்பி வர இரண்டு நாள் ஆயிற்று.

இந்த ஊரில் ஒண்டிமுத்து என்பவனுக்கு முப்பத்திரண்டாவது வயதில் கல்யாணம் கூடிவந்தது. அதற்கு முன்னால் மூன்று சம்பந்தம் முறிந்திருந்தது; மூன்றிலும் பெண்வீட்டார் ஊருக்குள் வந்து ஒரு வேளை சாப்பிட்டதோடு சரி. நாலாவது பெண் மலைக்கு அந்தப் பக்கம் பொன்னாங்குழியில் இருந்தாள். பூரணத்தா என்று பெயர். சந்தையில் ஒரு தரம் ஒண்டிமுத்துவைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். மற்றவர்களும் அவனைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். ஆனால் இவள் சிரித்தது அவனுக்கு வலிக்கவில்லை. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

முகூர்த்தம் வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதுக்குள். அதற்கு நாலு நாள் முன்னால் ஆற்றில் வெள்ளம் வந்து பாலத்தைக் கொண்டுபோய்விட்டது. பெண்ணின் அப்பா ஆள் மூலம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்: “உச்சிக்குள்ள மாப்பிள்ளை வரலைன்னா எந் தங்கச்சி மகனுக்குக் கட்டி வச்சிருவேன். அவன் வேட்டி துவைச்சு வச்சுக்கிட்டுத் தயாரா நிக்கான்.”

மிச்சமிருந்தது மலைவழி ஒன்றுதான். ஆனால் மலைமேல் நெட்டையன் இருந்தான். அவனை யாரும் பார்த்ததில்லை. மழைக்காலத்தில் மேலேயிருந்து பாறை உருளும். நெட்டையன் புரண்டு படுக்கிறான் என்பார்கள்.

ஒண்டிமுத்துவின் தாய்மாமன் கொம்பையா இதை ஆராய்வதற்கு ஊரைக் கூட்டினார். அப்போது ஊரில் விவரம் தெரிந்தவர்கள் மூன்று பேர் இருந்தார்கள்.

முதலில் பூசாரி சொன்னார்: “அது சிவனுக்குக் காவல் நின்ன பூதம்வே. அதுக்கு வேண்டியதைக் கொண்டுபோய் உச்சியில வைக்கணும். வச்சாச்சுன்னா, ஊர் போய்ச் சேருத வரைக்கும் திரும்பிப் பாக்கக் கூடாது.”

அடுத்து, அத்தர் விற்க வந்திருந்த மைதீன் பிச்சை சொன்னார்: “எங்க பெரியவங்க சொல்லுவாங்க, ஜின்னுன்னு ஒரு படைப்பு. நெருப்புல படைச்சது, மனுசனுக்கும் முந்தினது. மலை, பாழிடம் எல்லாத்துலயும் குடும்பத்தோட இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஒரு சலாம் சொல்லிட்டு, வழிவிட்டுப் போனா ஒண்ணும் செய்யாது.”

மூன்றாவதாக, பக்கத்து ஊர்க் கிறிஸ்தவக் கோயிலின் உபதேசியார் ஞானதிரவியம் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். “பூமியில ராட்சதர் இருந்தாங்கன்னு வேதத்துலயே இருக்கு. ஓக்குன்னு ஒரு ராசா. அவன் கட்டில் இரும்புல. ஒன்பது முழ நீளம், நாலு முழ அகலம். பூசாரி சொன்னதும் சரிதான். லோத்துன்னு ஒருத்தரு பெஞ்சாதி மலைக்கு ஓடுதப்போ திரும்பிப் பாத்தா. உப்புத் தூணாப் போயிட்டா.”

மூன்று மதத்துக்காரரும் ஒத்துப்போன பிறகு சந்தேகம் ஏது? கொம்பையா எழுந்தார்.

“விசயம் வெளங்கிருச்சு. அந்த ராசாவுக்குக் கட்டில் இருந்துச்சு. நம்ம நெட்டையனுக்கு இல்ல. வெறும் பாறையில படுத்தா யாருக்குத்தான் ஒடம்பு நோகாது? அதான் புரளுதான். நாம ஒரு கட்டில் செஞ்சு குடுப்போம்.”

சித்திரைவேலு என்று ஒருத்தன், எதையும் கேள்வி கேட்கிறவன், எழுந்தான். “ஒன்பது முழம்னா யாரு முழம்? நம்ம முழமா, நெட்டையன் முழமா?”

சபையில் ஆளுக்கு ஆள் தன் முழங்கையை நீட்டிப் பார்த்துக்கொண்டார்கள்.

“நெட்டையன் முழம்னா அவனைக் கூட்டியாந்து கையை நீட்டச் சொல்லி அளக்கணும்” என்றார் கொம்பையா.

“கூட்டியாந்துட்டா அப்புறம் கட்டிலை மேல தூக்கிட்டுப் போக வேண்டாமே. இங்கயே படுத்துக்கிடுவானே.”

“படுத்துக்கிட்டா ஊருல மழைக்காலத்துல பாறை உருளுமே.”

“உருள இங்க பாறை இல்லியே.”

இதைப் பேசி முடிக்கவே வியாழக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது. கடைசியில் கொம்பையாவின் முழம் என்று முடிவாயிற்று. இரும்பு கிடைக்கவில்லை. பனங்கட்டையில் கட்டிலைச் செய்து, நெட்டையன் கண்டுபிடிக்காமல் இருக்கக் கரியைக் குழைத்துப் பூசினார்கள். பார்வைக்கு இரும்பாகிவிட்டது, ஆனால் கனம் போதவில்லை. ஆகவே ஆளுக்கொரு கல்லாகக் கட்டிலின் அடியில் கட்டினார்கள். பிறகுதான் எல்லாருக்கும் திருப்தி.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மாப்பிள்ளையோடு சேர்த்து எட்டுப் பேர் புறப்பட்டார்கள். ஒண்டிமுத்துவின் அம்மா சுடலி, மகன் தலையைத் தடவி, “போயிட்டு வா ஐயா. நாலாவதும் போச்சுன்னா இந்த வீட்டுல நானும் நீயும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டே கெழடு தட்டிப் போவோம்” என்று கண்ணைத் துடைத்தாள். அவனுக்கும் அதுதான் பயம்.

கால்வாசி மலை ஏறியதும் கொம்பையா நின்றார். “மருமவனே, நீ நடந்து களைச்சு, வேர்த்து வடிஞ்சு போயி மணையில உக்காந்தா நல்லாவா இருக்கும்? கட்டில் சும்மாதான் வருது. ஏறிப் படு.”

ஒண்டிமுத்து ஏறிப் படுத்தான். வெயில் படாமல் தலையிலிருந்து கால்வரை வெள்ளை வேட்டியைப் போர்த்திவிட்டார்கள். எதிரே இறங்கி வந்த விறகுவெட்டி ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்து, கண்ணை மூடிக் கும்பிட்டு, ஓரமாக ஒதுங்கி நின்றார். மாப்பிள்ளைக்கு வெளியூரில் எவ்வளவு மரியாதை என்று கொம்பையாவுக்கு உடம்பு பூரித்துவிட்டது.

பாதி மலையில் பாதை ஒடுங்கியது. கொம்பையா நின்று, “சலாம்” என்று காற்றுக்கு ஒரு கும்பிடு போட்டார். எல்லாரும் கட்டிலோடு பாதை ஓரத்தில் ஒதுங்கி ஜின்களுக்கு வழிவிட்டார்கள். கொஞ்ச நேரம் போயிற்று. வெயில் ஏறியது.

“போயிட்டாகளா?” என்றான் சித்திரைவேலு.

“கண்ணுக்குத் தெரியாதவுக போனது எப்படிய்யா கண்ணுக்குத் தெரியும்?”

“குடும்பத்தோட இருப்பாகன்னாரே. பெரிய குடும்பமா இருக்கும்.”

இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று. கொம்பையாவுக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது. “ஏலே, அவுக நம்மளவிட மூத்த படைப்பு. மரியாதை தெரிஞ்சவுக. அவுகளும் நமக்கு வழிவிட்டு ஒதுங்கித்தான் நிக்காகளோ என்னமோ!”

அந்தச் சங்கடத்தில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்கள். கடைசியில் ரெண்டு கூட்டமும் ஒரே சமயத்தில் கிளம்புவது என்று காற்றோடு பேசி முடித்து நடந்தார்கள். இதற்குள் வேட்டிக்கு அடியில் ஒண்டிமுத்து நன்றாகத் தூங்கிவிட்டான்.

உச்சியில் கட்டிலை இறக்கினார்கள். முன்னால் தூக்கியவர்கள் மாப்பிள்ளை பின்னால் வருகிறான் என்று நினைத்தார்கள். பின்னால் தூக்கியவர்கள் அவன் முன்னால் போய்விட்டான் என்று நினைத்தார்கள். சித்திரைவேலு மட்டும் குனிந்து பார்த்து, “பரவாயில்ல, மெத்தையும் போட்டிருக்கு” என்றான். பிறகு ஏழு பேரும் கும்பிட்டு, பொன்னாங்குழியைப் பார்த்து முகத்தை நேராக வைத்துக்கொண்டு இறங்கினார்கள்.

ஒண்டிமுத்து கண் விழித்தபோது வானம்தான் தெரிந்தது. எழுந்து உட்கார்ந்தான். கீழே சரிவில் ஏழு முதுகுகள் போய்க்கொண்டிருந்தன.

கூப்பிட வாயைத் திறந்தான். உடனே பொத்திக்கொண்டான். நல்ல காரியத்துக்குப் போகிறவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடலாமா? அதுவும் அவனுடைய கல்யாணத்துக்கே போகிறார்கள்! ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று ஒரு காலைக் கீழே வைத்தவனுக்கு அதைவிடப் பெரிய யோசனை வந்தது.

இந்தக் கட்டில் நெட்டையனுடையது. வைத்து, கும்பிட்டு, கொடுத்தாயிற்று. நெட்டையன் கட்டிலில் படுத்திருக்கிறவன் யார்? நெட்டையன்தான். படுத்திருக்கிறவன் யார்? நான்தான்.

கையைப் பார்த்தான். பழைய கைதான். இருந்தாலும் கணக்கு சரியாக இருந்தது. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. பூதமானதற்குக்கூட அவன் வருத்தப்படவில்லை. ஒரு நாள் முந்தி ஆகியிருந்தால் பூரணத்தாவுக்கு ஒரு ஆள் அனுப்பிச் சொல்லியிருக்கலாமே என்று நினைத்து அழுதான்.

பொன்னாங்குழியில் ஏழு பேரும் பந்தலுக்குள் வந்து நின்றார்கள். மணமேடை மலைப்பக்கமாக இருந்ததால் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

“மாப்பிள்ளை எங்கய்யா?” என்றார் பெண்ணின் அப்பா.

“பின்னால வாராரு.”

“எங்க காணுமே?”

“நாங்க திரும்பிப் பாக்கக் கூடாது. நீரு பாத்துச் சொல்லும்.”

அப்பா பார்த்தார். மலைதான் தெரிந்தது. தங்கை மகன் துவைத்த வேட்டியைக் கட்டத் தொடங்கினான். பூரணத்தா மாலையைக் கழற்றித் தோழி கையில் கொடுத்துவிட்டு, “உச்சிக்கு இன்னும் நேரமிருக்கு, பொறுங்கப்பா” என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மலையேறினாள்.

உச்சியில், ஒன்பது முழக் கட்டிலின் நடுவில் ஒரு சின்ன மனிதன் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். அவளைக் கண்டதும் அலறினான். “கிட்ட வராத தாயி! நான் நெட்டையன். தின்னாலும் தின்னுருவேன். நீ ஒண்டிமுத்துன்னு ஒரு நல்ல பையனுக்கு வாக்கப்பட இருந்தவ. ஓடிரு!”

பூரணத்தா சிரிக்கவில்லை. அவள் இவ்வளவு தூரம் ஏறி வந்தது சரிதான் என்று அந்த நிமிஷத்தில் அவளுக்குப் பட்டது. பெண்டாட்டியைத் தின்றுவிடுவோமோ என்று பயந்து ஓடச் சொல்கிற புருஷன் எத்தனை பேருக்குக் கிடைப்பான்?

“நெட்டையன்னா கால் கட்டில் முனையைத் தொடணும்லா? நீட்டும் பாப்போம்” என்றாள்.

நீட்டினான். பாதிக் கட்டில் மிச்சமிருந்தது.

“அப்ப நான் இல்லியா?”

“நீரு இல்ல. எந்திரிச்சு வாரும், நேரமாச்சு.”

உச்சிக்கு ஒரு மூச்சு இருக்கையில் வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளையும் மலைப்பக்கம் திரும்ப மறுத்துவிட்டதால் பூரணத்தாதான் மணையைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டுக்கொண்டாள். தாலி ஏறியது. ஒண்டிமுத்துவின் முகமெல்லாம் பல்லாக இருந்தது. அவ்வளவு சந்தோஷத்தை அவன் அதுவரை பட்டதில்லை.

மறுநாள் ஊர் திரும்ப வேண்டும். எப்படித் திரும்புவது?

“ஊர் போய்ச் சேருத வரைக்கும்னு பூசாரி சொன்னாரு. அவரு நம்ம ஊர்க்காரரு. ஊருன்னா நம்ம ஊருதான்” என்றார் கொம்பையா. “அதுவரைக்கும் திரும்பக் கூடாது. ஆனா பின்னால நடக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லலியே!”

எட்டுப் பேரும் முகத்தைப் பொன்னாங்குழிப் பக்கம் வைத்தபடி பின்னாலேயே நடந்து மலை ஏறினார்கள். பூரணத்தா மட்டும் நேராக நடந்து, “கல்லு... பள்ளம்... முள்ளு” என்று சொல்லிக்கொண்டு வந்தாள். உச்சியில் கட்டில் தட்டி எட்டுப் பேரும் அதன்மேல் மல்லாந்தார்கள். அவர்கள் விழும் வரை கட்டில் காலியாகவே இருந்தது.

“பாவம், நெட்டையன் இன்னும் வரலியே” என்றான் சித்திரைவேலு.

“வந்துக்கிட்டுத்தான் இருப்பான். ஜின்னுக்கு வழிவிட்டு நிக்கானோ என்னமோ” என்றார் கொம்பையா.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எட்டு முதுகுகளும் ஓட்டைக்குளத்து எல்லைக்கு வந்து நின்றன. யாராவது ‘வாங்க’ என்று சொன்னால்தானே வந்து சேர்ந்ததாகக் கணக்கு? அதற்காகக் காத்திருந்தார்கள்.

ஊரே கூடி எல்லைக்கு வந்தது. பார்த்தால் எட்டு முதுகு. எல்லாம் மலையைப் பார்த்து நிற்கின்றன. ஊர் திகைத்துப் போயிற்று. வெள்ளிக்கிழமை விடியப் புறப்பட்டவர்கள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை இவ்வளவு தூரம்தான் போயிருக்கிறார்களா? பின்னாலிருந்து கூப்பிட்டுக் கேட்கவும் முடியாது.

கழுத்தில் புது மஞ்சள் கயிறோடு பூரணத்தா மட்டும் நேராக ஊருக்குள் வந்தாள்.

“நீ யாரும்மா?” என்றாள் சுடலி.

“ஒங்க மருமவ அத்தை. பொன்னாங்குழிப் பூரணத்தா.”

“எந் தங்கமே, வந்துட்டியா!” சுடலி அவளைக் கட்டிக்கொண்டு, ஆரத்தி எடுத்து, நெற்றியில் பொட்டு வைத்தாள். பிறகு எல்லைப் பக்கம் பார்த்தாள். அவள் முகம் வாடிவிட்டது. “நீ வெரசா வந்துட்டத்தா. ஆனா அவன் இன்னும் ஒன்னக் கட்டிக்க அங்க போயே சேரலியே!”

பூரணத்தா கழுத்துக் கயிற்றைத் தூக்கிக் காட்டப் போனாள். அதற்குள் சுடலி புளிச்சோற்றைக் கட்டி எடுத்துக்கொண்டு, மகனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாதே என்று பெரிய வட்டமாகச் சுற்றிப் போய் அவன் முன்னால் நின்றாள்.

“அம்மா, வந்துட்டேன்” என்றான் ஒண்டிமுத்து.

“பொறப்படுத நேரத்துல அப்படிச் சொல்லாதல. போயிட்டு வாரேன்னு சொல்லணும்.” பொட்டலத்தை அவன் கையில் திணித்தாள். “பொண்ணு நம்ம வீட்டுல வந்து காத்துக் கெடக்கு. சட்டுப்புட்டுன்னு போயித் தாலியக் கட்டி, கையோட கூட்டிட்டு வா.”

ஒண்டிமுத்து ஒரு நிமிஷம் யோசித்தான். எங்கேயோ இடித்தது. ஆனால் அம்மா சொல்லை அவன் ஒரு நாளும் தட்டியதில்லை. முகமும் மலையைப் பார்த்துத்தான் இருந்தது.

“சரிம்மா, போயிட்டு வாரேன்” என்று நடக்கத் தொடங்கினான். கொம்பையாவும் மற்றவர்களும் பெருமூச்சு விட்டுப் பின்தொடர்ந்தார்கள்.

பூரணத்தா பதறிப்போய் எல்லைக்கு ஓடி வந்தாள். “ஏங்க...” என்று வாயைத் திறந்தாள்.

சுடலி பாய்ந்து வந்து மருமகள் வாயைப் பொத்தினாள்.

“சும்மா இரு தாயி! நல்ல காரியத்துக்குப் போறவனைப் பின்னாலருந்து கூப்பிடலாமா?”